ஹாலினாவின் கணினி

திரையில் மாதக்கணக்கில் சாம்பல் நிறத்தில் கிடந்த புள்ளி பச்சையாக மாறியது. டெஸ்பினா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பச்சைதான். ஹாலினாவின் கணினி உயிர்பெற்றிருந்தது.

மேலே, ஆஸ்திரேலியப் பாலைவனத்துச் சுரங்க ஊரான கூபர் பீடி நாற்பத்தைந்து டிகிரியில் வெந்துகொண்டிருந்தது. கீழே, மலையைக் குடைந்து செய்த அவள் வீட்டில், வெயிலும் இல்லை, சன்னலும் இல்லை. இளஞ்சிவப்புக் கல்சுவர்களில் குடைந்த இயந்திரத்தின் பல்தடம் வளையம் வளையமாக ஓடியது. கூரையைத் துளைத்து மேலே போகும் காற்றுக்குழாய் வழியாகப் புழுதி வாசனையும், யாரோ தொலைவில் பெருமூச்சு விடுவது போன்ற ஓசையும் இறங்கிக்கொண்டே இருந்தன. அந்த ஓசை இல்லாவிட்டால் அவளுக்கு வேலையே ஓடாது.

அவள் வேலை பூட்டுச் சாவி வேலை மாதிரி. அடிலெய்டில் இருக்கும் முதியோர் பராமரிப்பு நிறுவனத்துக்கு ஆறு மாநிலங்களிலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஆட்கள் உண்டு. நிறுவனம் அவர்களுக்கு மடிக்கணினி அனுப்பும். அந்தக் கணினி பொது இணையத்துக்கு அடியில் ஒரு மறைவான பாதை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குள் வர வேண்டும். விபிஎன் என்பார்கள். யார் வரலாம், எது வரக் கூடாது என்று இங்கே உட்கார்ந்தபடி டெஸ்பினா தீர்மானிப்பாள். அவள் கணவன் பிராங்கோ ஓப்பல் ரத்தினக்கல் தோண்டுகிறவன். "நானும் சுரங்கம் தோண்டுறேன், நீயும் தோண்டுற. உனக்கு மட்டும் நகத்துல அழுக்கே இல்ல" என்று சிரிப்பான்.

ஹாலினாவும் அதே நிறுவனம்தான். முதியவர்களுக்குத் தொலைபேசியில் மருந்து வேளையை நினைவூட்டும் பிரிவு. ஊரின் வடகோடியில் ஒரு பழைய கேரவனில் இருந்தாள். குடைவீடு மலிவாகக் கிடைத்தும் வாங்க மறுத்தாள். "மண்ணுக்குள்ள என்னால தூங்க முடியாதுடி. கண்ண மூடினா மூடிட்டாங்கன்னு தோணும்" என்பாள். கோடையில் மட்டும் கேரவன் சூடு தாங்காமல் கணினியைத் தூக்கிக்கொண்டு டெஸ்பினாவின் சமையலறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். இருவரும் கிரேக்கக் காப்பி குடித்தபடி எதிரெதிரே வேலை பார்ப்பார்கள்.

போன கோடை முடிவில் அக்காவின் அறுவை சிகிச்சைக்காக டெஸ்பினா போர்ட் ஒகஸ்டா போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஹாலினா இல்லை. ஓப்பல் வாங்க வந்த ஒருவனோடு குயின்ஸ்லாந்து போய்விட்டாளாம். பிராங்கோதான் சொன்னான். "நானே பஸ் ஏத்திவிட்டேன். உன்கிட்ட சொல்லச் சொல்லி ஒரு வார்த்தை கூடச் சொல்லல." ஒரு வார்த்தை கூட. அதுதான் டெஸ்பினாவுக்குள் முள்ளாகத் தைத்தது. முதலில் கவலையாகச் செய்தி அனுப்பினாள். பிறகு கோபமாக. கடைசியில் எழுதியதை நினைத்தால் அவளுக்கே கூசும்: இனி என் வாசல்படி மிதிக்காதே.

இப்போது அந்தக் கணினி அவள் திரையில் வாசல் தட்டிக்கொண்டிருந்தது. அனுமதிச் சான்று காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவும். கீழே இரண்டு பொத்தான்கள். அனுமதி. மறு.

மேலாளர் லொரைனை அழைத்தாள்.

"திருட்டுப் பொருளாத்தான் இருக்கும்," என்றாள் லொரைன், எதையோ மென்றபடி. "எவனாவது அடகுக்கடைல வாங்கியிருப்பான். உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சுவிட்டுடு. ஒரு பொத்தான்தானே?"

"ஒருவேளை அவளா இருந்தா?"

"அவளா இருந்தா வேலைய விட்டப்பவே கணினியத் திருப்பிக் குடுத்திருக்கணும். நீ ஏன்பா இன்னும் அவளுக்காக உருகற?"

"உருகல. ஏன் போனேன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

தொலைபேசியை வைத்துவிட்டு, உதவி கேட்பவர்களோடு பேசும் சிறு பெட்டியைத் திறந்து எழுதினாள்.

ஹாலினா?

காற்றுக்குழாய் பெருமூச்சு விட்டது. பெட்டியில் மூன்று புள்ளிகள் துடித்தன, நின்றன, துடித்தன. ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்துகிறவர்களுக்கு ஆகும் நேரம்.

ஆமா.

எங்க இருக்க?

இங்கதான்.

டெஸ்பினாவின் உதடு கோணியது. விளையாடுகிறாள். இத்தனை நாள் கழித்து விளையாட்டு. எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள, கணினி எந்த இணைப்பின் வழியே வருகிறது என்று பார்த்தாள். குயின்ஸ்லாந்து இல்லை. அடிலெய்ட் இல்லை. வீட்டு வைஃபை ஒன்றின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவளே வைத்திருந்தாள், அக்கா மகளின் செல்லப் பெயரை.

அவளுடைய வைஃபை. கல்சுவர் தின்றுவிடுவதால் சமையலறையைத் தாண்டிப் படுக்கையறைக்கே எட்டாத வைஃபை.

எழுந்து வாசல் கதவைத் திறந்து பார்த்தாள். வெள்ளை வெயில், மண்மேடுகள், ஆள் இல்லை. கார் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தொலைந்த கணினியைக் கத்தவைக்க ஒரு வசதி உண்டு. கட்டிலுக்கடியில் விட்டுவிட்டுத் தேடுகிறவர்களுக்காக அவள் தினமும் பயன்படுத்துவது. அதை அழுத்தினாள். காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

முதலில் குளிர்பெட்டியின் உறுமல் மட்டும். அப்புறம், அதற்கும் அடியில், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல மெல்லிய மணியோசை. விட்டு விட்டு.

ஓசையைப் பின்தொடர்ந்து நடந்தாள். சமையலறை. அதை ஒட்டிய சாமான் அறை. ஆலிவ் எண்ணெய் டின்கள், மாவு மூட்டை, ஊறுகாய்ப் புட்டிகள். அவற்றுக்குப் பின்னால் மற்ற சுவர்களைவிட வெளுப்பாக ஒரு சுவர். முன்பு அங்கே குறுகலான ஒரு பழைய சுரங்கவழி இருந்தது, குளிர்காலப் போர்வைகள் வைக்க. அவள் போர்ட் ஒகஸ்டாவில் இருந்தபோதுதான் பிராங்கோ அதை அடைத்தான். கூரை இளகிவிட்டது, எப்போது சரியுமோ தெரியாது என்றான். அவளும் நல்லது என்றாள்.

காதைச் சுவரில் வைத்தாள். சுவர் குளிர்ந்திருந்தது. மணி அதற்குள்ளிருந்து ஒலித்தது.

"யாரு போன் அது?"

திரும்பினாள். பிராங்கோ சாமான் அறை வாசலில் நின்றான். தலையெல்லாம் வெள்ளைத் தூசி, கையில் காலித் தண்ணீர்க்குடுவை. அவன் வந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

"ஹாலினாவோட கணினி," என்றாள்.

தூசிக்கு அடியில் அவன் முகம் எப்படி மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. குடுவை மட்டும் கையிலிருந்து நழுவி உருண்டது.

"அது எப்படி... சார்ஜு எப்பவோ போயிருக்குமே," என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. அவளுக்கும்.

"பஸ் ஏத்திவிட்டேன்னு சொன்னே."

"டெஸ்பினா, இங்க பாரு..."

"பஸ் ஏத்திவிட்டேன்னு சொன்னே, பிராங்கோ."

அவன் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தான். தொழுகைக்கு உட்கார்ந்தவன் போல இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. "நீ இல்லன்னு தெரியாம வந்தா. வெயிலு. சரி, உக்காந்து வேல பாருன்னேன். கொஞ்சம் குடிச்சிருந்தேன். நான்... அவ உன்கிட்ட சொல்லிடுவேன்னா. சொல்லிடுவேன், சொல்லிடுவேன்னு கத்தினா. கைய உதறிட்டு ஓடினா. படிக்கட்டுல விழுந்தா. நான் தள்ளல."

"டாக்டரக் கூப்பிட்டியா?"

"மூச்சு இல்லன்னு நெனச்சேன்."

"பார்த்தியா, நெனச்சியா?"

அவன் குனிந்து உருண்ட குடுவையை எடுத்தான்.

டெஸ்பினாவுக்கு அழுகை வரவில்லை. இத்தனை மாதமும் அவள் இந்தச் சுவருக்கு முன்னால் நின்று மாவு அள்ளினாள். எண்ணெய் ஊற்றினாள். ஒருநாள் கோபத்தில், இதே இடத்தில், இவன் தோளில் சாய்ந்துகொண்டு, நன்றி கெட்டவள், போகட்டும் என்று உரக்கச் சொன்னாள். இவன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். ஆமாம் கண்ணு, போகட்டும் என்றான்.

"அத நிறுத்து," என்றான் பிராங்கோ எழுந்து. குரல் மாறியிருந்தது. "உன்னால முடியும்ல? அழிச்சிடு."

"சத்தத்த நிறுத்தலாம். இது அடிலெய்டுக்கும் தெரியும். லொரைன் பார்த்துட்டா."

அவன் வாசலுக்குப் போனான். சாவி திரும்பும் ஓசை. திரும்பி வரும்போது அவள் தொலைபேசி அவன் கையில் இருந்தது. பக்கெட்டிலிருந்த தண்ணீரில் போட்டான். இன்னொரு கையில் கல் உடைக்கும் குந்தாலி.

"அத வெளிய எடுத்து ஒடைச்சிட்டா ஒண்ணுமில்ல. போய் உக்காரு. உன்ன ஒண்ணும் பண்ணமாட்டேன். போய் உக்காருன்னேன்!"

உட்கார்ந்தாள். தன் மேசையில், திரைக்கு முன்னால். சாமான் அறையில் புட்டிகளைத் தள்ளும் ஓசை. ஒன்று உடைந்தது. வினிகர் வாசனை. அப்புறம் முதல் அடி.

தண்.

மணி நின்றது. அவள் நிறுத்தவில்லை.

திரையில் உரையாடல் பெட்டி.

டெஸ்பினா.

தண். காற்றுக்குழாயின் பெருமூச்சு அடங்கிப்போயிருந்தது. வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டது போல.

விரல்களை விசைப்பலகைக்குக் கொண்டுவந்து எழுதினாள். ஒரே வரி.

என்ன மன்னிச்சிடு.

மூன்று புள்ளிகள். துடித்தன. நின்றன.

கதவத் திற.

அனுமதி. மறு. இரண்டு பொத்தான்களும் காத்திருந்தன. விதிப்படி செய்ய வேண்டியது எதுவென்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருமுறை கூட அவள் ஒழுங்கு தவறியதில்லை.

அனுமதியை அழுத்தினாள்.

பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் இணைந்தது என்று வந்தது. கூடவே இன்னொரு கேள்வி, அவள் கேட்காதது: அந்தப் பக்கத்துக் கணினி தன் கேமராவைக் காட்ட விரும்புகிறது. பார்க்கிறீர்களா?

பார்த்தாள்.

இருட்டு. முழு இருட்டு. ஹெட்செட்டை மறுபடி மாட்டினாள். ஒலி மட்டும் இருந்தது. தண். அதே அடி அறையிலிருந்து ஒருமுறை, ஹெட்செட்டிலிருந்து ஒருமுறை. வெளியே சுவரை உடைக்கிறான். உள்ளே யாரோ அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த அடிகளுக்கு நடுவே, மிக அருகில், உலர்ந்த மூச்சு. உள்ளே. வெளியே. உள்ளே.

தண்.

இருட்டில் ஒரு கீற்று. தூசி மிதந்தது. கீற்று அகன்று துளையானது. துளை அகன்றது. கற்கள் உதிர்ந்தன. கேமரா தாழ்வாக இருந்தது, உட்கார்ந்திருப்பவர் மடியில் இருப்பது போல.

துளையில் பிராங்கோவின் முகம் வந்தது. டார்ச் வெளிச்சம் அலைந்தது. தேடினான். கண் கூசியது. கழுத்தை நீட்டினான். தலையை உள்ளே விட்டான். தோளையும்.

அவள் கத்தியிருக்கலாம். பெயரைச் சொல்லியிருந்தால் போதும். பத்து அடி தூரம்தான். வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

திரையின் இரு ஓரங்களிலிருந்தும் இரண்டு கைகள் வந்தன. மெலிந்த, சுண்ணாம்புபோல் வெளுத்த கைகள். நகங்கள் இல்லை, நகம் இருந்த இடத்தில் கல்தூள் அப்பியிருந்தது. அவசரமில்லாமல் நீண்டன. அவன் கன்னங்களை இருபுறமும் ஏந்தின, குழந்தையின் முகத்தை ஏந்துவது போல.

பிறகு உள்ளே இழுக்கத் தொடங்கின.