வெண்ணிலாவின் ஜாவா ஃபோல்டர்

காலை ஆறு மணி. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வெண்ணிலா லேப்டாப்பைத் திறந்தாள். ஜாவா ஃபோல்டரைக் காணோம். ரீசைக்கிள் பின்னும் காலி.

நாளை சென்னையில் வேலைக்கான தேர்வு. ஜாவா கணினி மொழியின் கிளாஸ் லைப்ரரியிலிருந்துதான், அதாவது தயாராக எழுதி வைத்த புரோகிராம் துண்டுகளிலிருந்துதான், கேள்விகள். சொந்த லேப்டாப்பில் இருப்பதைப் பார்த்து எழுதலாம், இன்டர்நெட் கிடையாது. நெட்டில் கிடைத்த உதாரணங்களில் பாதி பழைய வெர்ஷன், மீதி அரைகுறை. எட்டு மாதம் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, தேறியதை மட்டும் அதில் சேர்த்திருந்தாள்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும், பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஃபர்ஹத் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தொலைந்த போன்களைக் கண்டுபிடிப்பதில் பேர் எடுத்தவள்.

"போலீஸ் வந்தாச்சு," என்று வெண்ணிலாவின் தம்பி வினோத் அவளைப் போனில் படம் எடுத்தான்.

"நேத்து வூட்ல யாரு இருந்தது?"

"யாரும் இல்லம்மா," என்றாள் தாய் ஜமுனா. "நான் மீன் விக்க பொன்னேரி போய்ட்டேன். இவ கோச்சிங். ஆம்பளைங்க, அப்பனும் புள்ளையும், கோயிலாண்ட, பாடு சீட்டு குலுக்க."

ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை கட்டுவது என்பதுதான் பாடு. ஆண்களுக்கு மட்டும் பங்கு.

"போன வருசம் சீட்ல தில்லுமுல்லு பண்ணி எங்க பாட்ட புடுங்கிட்டானுங்க. அத்தொட்டு வினோத்து இந்த வாட்டி முழுசா வீடியோ எட்த்தான். சாயங்காலம் வரைக்கும்," என்றாள் ஜமுனா.

"நைனா லேப்டாப் தொடுவாரா?"

"அவருக்கு மூடியே தொறக்கத் தெரியாதுக்கா," என்றாள் வெண்ணிலா.

"நானும் தொடல," என்றான் வினோத்.

ஃபர்ஹத் கை நீட்டினாள். "போனைக் குடு."

பார்த்தாள். சிரிக்கவில்லை.

"வினோத்து, நீதான்."

"இன்னாக்கா, சும்மா..."

"நாள் பூரா எடுத்த வீடியோ இந்த போன்ல இல்ல. எடம் காலியா கீது, என்னைக்கூட படம் புடிக்கிற. வீடியோ எங்க போச்சு? நெட்ல அனுப்ப இங்க சிக்னலே கெடையாது. வூட்ல இருக்கிற இன்னொரு பெட்டி இந்த லேப்டாப்தான்."

லேப்டாப்பில் சினிமாப் பாட்டு ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே வீடியோ.

வினோத் தரையைப் பார்த்தான். "ராத்திரி வீடியோவ ஏத்தறப்ப லேப்டாப்ல எடம் பத்தலன்னு காட்டுச்சு. அந்த ஜாவா ஃபோல்டர்தான் பெருசா இருந்துச்சு. பூரா இங்கிலீஷு. நெட்ல இருக்கறதுதானே, திரும்ப எடுத்துக்கும்னு நெனச்சேன். காலைல அக்கா அழுததும் பயந்துட்டேன்."

"அழிச்சத மீட்க முடியாதாக்கா?" என்று ஃபர்ஹத்திடம் கேட்டாள் வெண்ணிலா.

"வெறுமனே அழிச்சிருந்தா பாத்திருக்கலாம். அதே எடத்துல வீடியோ ஒக்காந்துடுச்சு."

"வீடியோவ அழிச்சிடறேன்," என்றான் வினோத்.

"அழிச்சா மட்டும் வந்துருமா? வுடு. நைனாவுக்கு அது வேணும்," என்றாள் வெண்ணிலா.

ஜமுனா மகளின் தோளைத் தொட்டாள். "பாடு கெடைச்சிருக்குடி. சோத்துக்குக் கொறையில்ல."

"அதுல எனக்கு இன்னாம்மா இருக்குது?"

ஜமுனா கையை எடுத்துக்கொண்டாள்.

"ஜாவா கம்பெனியே போட்ட கிளாஸ் விளக்கத்த கடையில இறக்கித் தரேன்," என்றாள் ஃபர்ஹத். "எல்லா கிளாஸும் அதுல இருக்கும்."

"இருக்கும். எந்த வேலைக்கு எதை எடுக்கணும்னு இருக்காது."

"அப்ப போதாதா?"

"போதாது," என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போக வெண்ணிலா லேப்டாப்போடு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.