சிவப்பு மலைக்கு ஒரு ரைஸ் குக்கர்

"கண் தெரியேல்லையோ உங்களுக்கு?"

லண்டன் ஸ்ட்ரெதம் தமிழ்க் கடை வாசலில், மழைக்குப் பயந்து ஓடிவந்தவன் மோதியதில் யசோதினியின் கையிலிருந்த பெட்டி நழுவியது. நல்லவேளை, அவனே பிடித்துவிட்டான். நிமிர்ந்து பார்த்தான்... ஐயோ, அந்தக் கண்கள்! இமையில் மழைத்துளியோடு ஒருவன் இப்படிப் பார்த்தால் கோபம் எங்கே நிற்கும்?

ஆனால் அவன் வாய் சும்மா இருந்தால்தானே.

"சொரி... ரைஸ் குக்கரோ? ஆருக்காவது கலியாணப் பரிசோ?"

"இல்லை. யூட்டாவில சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்குப் பாக்கப் போறம். அதுக்கு."

அவன் சிரித்துவிட்டான். "அமெரிக்காவுக்கு இதையோ? அங்க வேலை செய்யாது."

"உங்களிட்ட ஆர் கேட்டது?"

பெட்டியை வெடுக்கென்று பறித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், அவன் சொன்னது சரி! அங்கே மின்சாரமே பாதி வோல்டேஜ்தானாம். யசோதினிக்கு அழுகை வந்தது. மாலை வெயிலில் தகதகக்கும் அந்த மலைகளைப் பள்ளிக் காலத்திலிருந்தே கனவு கண்டவள். அம்மா வசந்தமலரோ ஒரே பிடி.

"பாணும் பர்கரும் எனக்கு ஏலாது பிள்ளை. உன்னைத் தனிய விடவும் மாட்டன். அங்க போய் வாங்கலாம் எண்ட கதையும் வேண்டாம். அங்க சோறு வேகிற குக்கரை இஞ்சயே கண்ணால கண்டால்தான் டிக்கெட்."

அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அவன் இருக்கக் கூடாது... இருந்தால் நல்லது... என்ன மனமோ இது!

இருந்தான். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், கையில் ஒரு பையோடு.

"அண்டைக்கு ஏசிப்போட்டன்..." வீம்பை விழுங்கிக்கொண்டு சொன்னாள். "குறை நினைக்காதேங்கோ."

"நானும் சிரிச்சிருக்கக் கூடாது. போன வருசம் அம்மா அப்பாவோட அங்க போகேக்க நானும் லண்டன் குக்கர்தான் கொண்டுபோனனான். அரிசி ஊறினதுதான் மிச்சம். பிறகு அங்க வாங்கினது இது." பையிலிருந்து சின்னக் குக்கர் ஒன்றை எடுத்தான். "உங்களுக்குத்தான்."

"இதை ஒரு கிழமையாத் தூக்கிக்கொண்டு திரியிறீங்களோ?"

"ஓம்... நீங்கள் திரும்பி வருவீங்கள் எண்டு. சும்மா நிக்க வெக்கத்தில கறிவேப்பிலை வாங்கி வாங்கி, ஃப்ரிட்ஜில இடமில்லை."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"எத்தினை பேருக்குச் சோறு காணும்?"

"மூண்டு பேருக்கு."

"அம்மாவும் நானும் ரெண்டு பேர்தானே..."

அவன் காது சிவந்தது. பிறகு ஒரே மூச்சில் சொன்னான்.

"உங்கட பேர்கூடத் தெரியாது... ஆனா எனக்கு உங்களை நல்லாப் பிடிச்சிருக்கு. என்ர பேர் டெனுசன்."

"யசோதினி." கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். "குக்கரை நீங்களே வந்து அம்மாவிட்டக் காட்டுங்கோ. மூண்டாவது டிக்கெட்டுக்கு அவதான் பதில் சொல்லோணும்."

"நீங்கள்?"

"என்னைக் கேட்டால்... ஓம்."