முகம் வார்த்த பெட்டி

புதன்கிழமை காலை பத்து மணிக்குள் ஐயப்பதிவு செய்யாவிட்டால் வீட்டுக் கதவு திறக்காது. வாராவாரம் ஒவ்வொரு வீடும் யார்மீதாவது ஒரு சந்தேகத்தை அரசுக்கு எழுதி அனுப்பியாக வேண்டும். எங்கள் பிளாக்கில் இதை நாசூக்காகவே சமாளித்து வந்தோம். யார்மீது எழுதப்போகிறோமோ, அவரிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவோம்.

"இந்த வாரம் உங்க பேரு. கருவாட்டு வாசம்னு போடட்டா?"

"போட்டுக்கோங்க."

எதிர்வீட்டு எபனேசர் விஷயத்தில் மட்டும் நான் சொல்லாமல் எழுதினேன். ஒரு மாதமாக அந்த ஆள் பழைய சாமான் பொறுக்கிக்கொண்டிருந்தார். ரிப்பேரான வேக்குவம் கிளீனர், ஓவனின் சூட்டுக் கம்பி, ஒரு மூட்டை பிளாஸ்டர். அவர் மனைவி புஷ்பம் வெளியே தலைகாட்டி ஒன்றரை வருஷமாகிறது. சிலிண்டர் வெடித்ததில் வெந்துபோனாள் என்றார்கள். நான் போய் விசாரித்ததில்லை. நேற்று கதவிடுக்கில் பார்த்தால், மேசைமேல் வெள்ளையாய் ஒரு மனித முகம்!

பஸ், ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் முகவாசிப்பான் அடையாளம் கண்டால்தான் திறக்கும் காலம் இது. போலி முகம் செய்கிறார் என்று இன்று காலை அனுப்பிவிட்டேன். மூன்று மணிக்குச் சோதனை என்று பதில் வந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. என்னதான் செய்கிறார் பார்ப்போமே என்று, உறை மோர் கேட்கிற சாக்கில் இரண்டரைக்குப் போனேன்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கக்கா. பிளாஸ்டிக் ஷீட்டு ஒண்ணுதான் இருக்கு, புஷ்பம் சூட்டுக்கிட்ட வரமாட்டா. தனியாப் புடிக்கப் பயமா இருந்துச்சு" என்றார் எபனேசர்.

மேசையில் பொடிப்பொடியாகத் துளையிட்ட ஒரு மரப்பெட்டி. அதன்மேல் அந்த முகம். பெட்டிக்கடியில் வேக்குவம் கிளீனரின் குழாய். வெற்றிட வார்ப்பி என்று பெயர்வேறு வைத்திருந்தார்.

"யாரு மொகம் இது?"

"என்னோடதுதான்க்கா." புஷ்பம் உள்ளேயிருந்து வந்தாள். தழும்பு அவள் கீழிமையைக் கன்னத்தோடு இழுத்திருந்தது. "தழும்ப அமுக்கிவைக்க பிளாஸ்டிக் கவசம் போடணுமாம். இல்லாட்டி கண்ணே மூட முடியாமப் போயிடும்னு, வெந்தப்போ ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனப்ப டாக்டர் சொன்னாரு. அதுக்கப்புறம் போனா ஆஸ்பத்திரி வாசல்ல என் மொகம் வாசிக்கல. உள்ளயே விடமாட்டேங்கறான்."

நடிக்கிறாளோ என்று அப்போதும் அவள் கன்னத்தைக் கூர்ந்து பார்த்தேன். சீ என்றாகிவிட்டது எனக்கு.

ஷீட் மாட்டிய சட்டத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சூட்டுக் கம்பிக்குக் கீழே காட்டினோம். அது ஈரத்துணிபோலத் தொய்ந்ததும் முகத்தின்மேல் அமுக்கினோம். எபனேசர் சுவிட்சைத் தட்ட, பெட்டி காற்றை உறிஞ்சியது. மூக்கு, இமை, உதடு எல்லாம் பிசகாமல் பதிந்தன. ஆறியதும் ஓரத்தை வெட்டி, நாடா கோத்து மாட்டிவிட்டார்.

"வந்து பாத்தது நீங்க மட்டுந்தான்க்கா." புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கதவு தட்டப்பட்டது. "சோதனை! முகவார்ப்புப் புகார்!"

புஷ்பம் என்னைச் சமையலறைப் பக்கம் தள்ளினாள். "பின்படியில எறங்கிடுங்கக்கா. எவனோ எழுதிட்டான். உங்களையும் சேத்துக்குவாங்க."

எபனேசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியது தப்பு என்று எழுதியவரே நேரில் சொன்னால் புகார் ரத்து. பொய்ப்பதிவுக்காக எழுதியவர் கதவு ஓராண்டு மூடப்படும், அவ்வளவுதான். நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும், கவசம் அவள் முகத்திலேயே இருந்துவிடும்.

நான் படியிறங்கினேன்.