மரிவிக் ஊருக்குப் போய்விட்டாள்

“அதுக்குள்ள திரும்பி வந்துட்டியா?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ஹலீனா.

தெருமுனைத் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அன்றும் வெறுங்கையோடு வந்துகொண்டிருந்த மரிவிக் நின்றாள். வின்னிபெக்கின் ஜனவரியில் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கே வெளிச்சம் சாம்பல் பூத்துவிடும். அந்தச் சாம்பலுக்குள் நின்று வாசல் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்த கிழவியின் முகம் தெரியவில்லை. கம்பளித் தொப்பியும் அதன் கீழே மூச்சுப்புகையும் மட்டும் தெரிந்தன.

“எங்கேருந்து?”

“உங்க ஊர்லேருந்துதான். நேத்து சாயங்காலம் பெட்டியோட டாக்சில ஏறினியே. நான் கையாட்டினேன், நீ திரும்பிக்கூடப் பாக்கல. அம்மா போன துக்கத்துல இருக்கா, போகட்டும்னு விட்டுட்டேன்.”

“நான் எங்கயும் போகலையே. வேற யாரையோ பாத்திருப்பீங்க.”

“அந்தச் செவப்புக் கோட்டு இந்தத் தெருவுல வேற யாருகிட்ட இருக்கு?” என்று சிரித்தாள் கிழவி. “சரி, எனக்கும் கண்ணு போயிடுச்சு போல. உள்ள போ, காது உறைஞ்சிடும்.”

மரிவிக் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றினாள். சிவப்புக் கோட்டு மாட்டும் கொக்கி காலியாக இருந்தது. படுக்கையறைக் கதவோரம் வாரக்கணக்காகக் கட்டித் தயாராக நின்றிருந்த பெட்டியையும் காணவில்லை. அதன் சக்கரங்கள் அழுத்திய குழிகள் மட்டும் கம்பளத்தில் இருந்தன. ரொடெல்தான் கண்ணில் படாமல் இருக்கட்டுமென்று நிலவறையில் கொண்டுபோய் வைத்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் கணவன் லாரியோடு மலைகளுக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். நிலவறையில் இறங்கிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

எல்லாம் அந்தக் கார்டால் வந்தது. ரொடெல் எப்போதோ குடியுரிமை வாங்கிவிட்டான். அவள் மட்டும் பரீட்சைக்குப் படிக்க நேரமில்லை என்று தள்ளிப்போட்டு, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பி.ஆர். கார்டிலேயே காலத்தை ஓட்டினாள். அது காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தாள். முகத்தில் நிழல் விழுந்திருக்கிறது என்று போட்டோவைத் திருப்பி அனுப்பினார்கள். வேறு போட்டோ எடுத்து அனுப்பினாள். அதன்பின் வலைத்தளத்தில் ஒரே வரிதான்: பரிசீலனையில் உள்ளது. தொலைபேசியில் கூப்பிட்டால் வரும் பியானோ இசை, முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டும்போதுகூட அவள் காதுக்குள் ஓடியது. நாட்டைவிட்டுப் போகத் தடையில்லை. ஆனால் கார்டு இல்லாதவளைத் திரும்பி வர எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். அப்படித் துணிந்து போன ஒருத்தி அங்கேயே மாட்டிக்கொண்டு வேலையையும் வீட்டையும் இழந்த கதை அவர்கள் மாதா கோயிலில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கடல்களுக்கு அப்பால், அவள் பிறந்த ஊரான இலோகோஸில் அம்மா படுத்த படுக்கையானாள். நானாங் என்றுதான் பிள்ளைகள் அவளைக் கூப்பிடுவார்கள்.

“நீ வராம நான் கண்ண மூட மாட்டேன்டி” என்றாள் நானாங், கடைசியாகப் பேசியபோது.

“வந்துடறேன் நானாங். எத விட்டுட்டு வரணும்னாலும் விட்டுட்டு வந்துடறேன்.”

சொன்னதைச் செய்தது நானாங்தான். உயிர் போன பிறகும் அவள் இமைகள் மூடவில்லை. உடலைப் பதப்படுத்த வந்தவர் எவ்வளவோ முயன்றும், ஒரு நூல் அளவு வெள்ளை தெரிந்துகொண்டே இருந்தது. மூத்த மகள் வரும்வரை அடக்கம் வேண்டாம் என்று தங்கை லிகாயா காத்திருந்தாள். வீட்டு வாசலில் வழக்கப்படி மரக்கட்டை இரவும் பகலும் எரிந்தது. தங்கை மகன் ஒரு செல்போனைச் சவப்பெட்டிக்கு எதிரே நிறுத்திவைத்து, அங்கே நடப்பதையெல்லாம் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தான். வேலைவிட்டு வந்ததும் மரிவிக் சமையல் மேசையில் டேப்லெட்டைச் சாய்த்துவைத்து, சவப்பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே முழுதாக மூடாத அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிடுவாள்.

அன்று அவள் தங்கையைக் கூப்பிட்டபோது அங்கே விடிந்திருந்தது. சேவல் கூவியது. யாரோ காப்பிக் கோப்பைகளைக் கழுவும் சத்தம் கேட்டது.

“என்னக்கா, உள்ளேருந்துகிட்டே போன் பண்றே?” என்றாள் லிகாயா. “எந்திரிக்க முடியலையா? காப்பி கொண்டாரவா?”

“எந்த உள்ளே?”

“ஐயோ, இன்னும் தூக்கக் கலக்கமா? மொதல்ல அந்தத் தலைய நல்லாத் துவட்டு. சாவு வீட்ல குளிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? கனடாவுக்குப் போய் எல்லாத்தையும் மறந்துட்டே. பெரியத்தை பாத்தாங்கன்னா கத்துவாங்க.”

மரிவிக்கின் கையில் ஸ்பூன் நின்றது. குளிர்சாதனப் பெட்டி உறுமிவிட்டு அடங்கியது. கீழே நிலவறையில் வெப்பமூட்டி மூச்சை இழுத்து விட்டது.

“லிகாயா. நான் வின்னிபெக்ல இருக்கேன். என் வீட்ல.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “நல்ல விளையாட்டு. ராத்திரி வந்து கதவத் தட்டினே, வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசல, நானாங் பக்கத்துலயே உக்காந்துட்டே. இப்ப போன்ல மட்டும் விளையாட்டு வருதா?”

“கேமராவ அந்தப் பக்கம் திருப்பு.”

படம் ஆடியது. கூரை, மின்விசிறி, வெள்ளைப் பூ வளையங்கள், மெழுகுவர்த்திகள். பிறகு சவப்பெட்டி. அதன் தலைமாட்டில் ஒரு நாற்காலி. அதில் கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த வெக்கையிலும் மடியில் சிவப்புக் கோட்டு மடித்துக் கிடந்தது. முக்காட்டுக்குக் கீழே தொங்கிய முடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சிமெண்ட்டுத் தரையில் தேங்கியிருந்தது. முடியின் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மரிவிக்குக்கு அது என்னவென்று தெரிந்தது. அந்த ஊரைத் தாண்டிப் போகாத யாருக்கும் தெரியாது.

பனி.

“என் மூஞ்சியப் பாரு” என்றாள் மரிவிக். குரல் கீச்சிட்டது. “திரையில என்னப் பாருடி.”

லிகாயா பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தபோது அவள் உதடுகள் வெளுத்திருந்தன. அவளுக்குப் பின்னால் நாற்காலி தேயும் ஓசை கேட்டது. ஈரக் காலடிகள். அவசரமே இல்லாமல். ஒரு கை வந்து தங்கையின் தோளில் படிந்தது. மரிவிக்கின் கை. கொதிநீர் பட்ட பழைய தழும்பு கட்டைவிரலில் இருந்தது.

அழைப்பு அறுந்தது.

அதற்குப் பிறகு லிகாயா போனை எடுக்கவில்லை. மறுநாள் ஒரே ஒரு முறை எடுத்தாள். பெரியத்தை பக்கத்தில் நின்று எதையோ முணுமுணுத்து ஜெபிப்பது கேட்டது.

“நீ யாருன்னு எனக்குத் தெரியாது” என்றாள் லிகாயா. அழுதிருந்தாள். “என் அக்கா இங்க இருக்கா. தொட்டுப் பாத்தேன். கை சில்லுனு இருக்கு, ஆனா அவதான். நானாங்குக்குத் தலை வாரி விடறா. நீ அவ குரல்ல பேசாதே. இனிமே கூப்பிடாதே.”

“லிகாயா, உனக்கு மொத மொத எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தது நான். நீ மரத்துலேருந்து விழுந்தப்ப தூக்கிட்டு ஓடினது நான்…”

“அவளும் இதையெல்லாம் சொன்னா” என்றாள் தங்கை. “நீ சொல்லுவேன்னும் சொன்னா.”

ரொடெலும் அப்படித்தான். எங்கோ ஒரு லாரி நிறுத்தத்திலிருந்து பேசினான். பின்னால் எஞ்சின்கள் முனகின. அவள் “நான் வீட்லதான் இருக்கேன், சீக்கிரம் வா” என்று சொன்னாள். பதினெட்டு வருடம் அவளோடு படுத்து எழுந்தவன். அவள் மூச்சை வைத்தே அவளுக்குத் தலைவலி என்று கண்டுபிடிப்பவன்.

“இப்படி ஒரு போன் வரும்னு மரிவிக் சொன்னா” என்றான் மெதுவாக. “அவ படம் அனுப்பியிருக்கா. அம்மா பக்கத்துல நிக்கறா. தயவுசெஞ்சு எங்கள விட்டுடு. என்ன வேணும்னாலும் கோயில்ல பூசை வைக்கறேன்.”

“ரொடெல், நான்தான்…”

எஞ்சின் சத்தமும் நின்றுபோனது.

மரிவிக் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். கோட்டு இல்லாமல், செருப்போடு. குளிர் நெஞ்சுக்குள் கண்ணாடித் தூள் போல இறங்கியது. ஹலீனா கதவைத் திறக்கவில்லை. உள்ளே சங்கிலி மாட்டும் ஓசை மட்டும் கேட்டது.

“உங்க வீட்டுக்காரன் போன் பண்ணினான்” என்றாள் கிழவி கதவுக்குப் பின்னாலிருந்து. “அந்த வீட்ல யாராவது நடமாடினா பேச்சுக் குடுக்காதீங்கன்னான். போ. கடவுள் பேரால போ. நான் உனக்கு ஒரு கெடுதலும் செஞ்சதில்ல.”

அடக்கத்தை அவள் நேரலையில் பார்த்தாள். தங்கை மகன் அதை நிறுத்தியிருக்கவில்லை. ஊரே அதில்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மூடியை இறக்குவதற்கு முன் முக்காட்டுக்காரி குனிந்தாள். தழும்புள்ள அந்தக் கட்டைவிரலால் நானாங்கின் இமைகளை ஒவ்வொன்றாக, மெல்ல, தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோலத் தடவினாள். அவை மூடிக்கொண்டன. மூடியபடியே இருந்தன. நானாங்கின் முகத்தில் இத்தனை நாள் இல்லாத ஓய்வு வந்தது. அந்த ஒரு கணம் மரிவிக்குக்கு அவள்மேல் பயமோ கோபமோ வரவில்லை. மேசையில் தலை கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். யாரோ ஒருத்தியாவது போனாளே. யாரோ ஒருத்தியாவது அம்மாவின் கண்களை மூடிவிட்டாளே.

நிமிர்ந்தபோது முக்காடு விலகியிருந்தது. அந்த முகம் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய முகம்தான். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கவலை இல்லாத முகம். பல வருடங்களாகக் கண்ணாடியில் அவள் பார்க்காத முகம்.

அன்று சாயங்காலம் வலைத்தளத்தில் வரி மாறியிருந்தது: அட்டை உரியவரிடம் சேர்க்கப்பட்டது.

தெருமுனைக்கு ஓடிப் பார்த்தாள். தபால் பெட்டிக்குள் பனித்துகள் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வெளியே போகவில்லை. காலாவதியான பழைய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். வெப்பமூட்டி மூச்சு விட்டது. சன்னல் கண்ணாடியின் ஓரங்களில் உறைபனி பெரணி இலைபோல வளர்ந்தது. சமைக்கவில்லை. பசிக்கவும் இல்லை. பசிக்கவில்லை என்பதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தாள். அது எந்த நாளிலிருந்து என்று யோசித்துப் பார்த்தாள். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தோம் என்றும் நினைவில்லை. அதற்குமேல் யோசிக்கவில்லை.

பின்னொரு மாலையில், தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில், ரொடெலின் கார் வந்தது.

டயர்கள் பனியை நசுக்கின. எஞ்சின் நின்றது. அவள் சன்னலுக்கு ஓடினாள். ரொடெல் இறங்கி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டான். சிவப்புக் கோட்டு இறங்கியது. அவன் பின்னாலிருந்து பெட்டியை எடுத்தான். விமான நிலையத்தின் வெள்ளைச் சீட்டு கைப்பிடியில் படபடத்தது.

மரிவிக் கண்ணாடியைத் தட்டினாள். பழைய கார்டைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். என் முகம். என் பேர். பார்.

ரொடெல் நிமிர்ந்தான்.

பார்த்துவிட்டான். அவளைத்தான் பார்த்தான். பெட்டி அவன் கையிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தது. வாய் திறந்தது. பின்னால் ஓர் அடி வைத்தான். பதினெட்டு வருடத்தில் அவன் முகத்தில் அவள் பார்த்தே இராத பயம்.

சிவப்புக் கோட்டுக்காரி அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். சாவியை எடுத்தாள்.

கீழே பூட்டு திரும்பியது. கதவு திறந்தது. குளிர் படியேறி வந்தது. அதோடு கட்டை எரிந்த புகையும், வாடிய பூவும், மெழுகும் கலந்த நெடி.

மரிவிக் படியின் உச்சியில் நின்றாள்.

கீழே, திறந்த கதவில், அவளுடைய முகம். பின்னால் ரொடெல், சாவு வீட்டில் நிற்பவனைப்போலத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலை குனிந்து.

அந்தப் பெண் கையை நீட்டினாள். எங்காவது பயந்துபோய் ஒரு குழந்தை தவறவிட்டு வந்த உயிரை வீட்டுக்குக் கூப்பிட இலோகோஸ் தாய்மார்கள் சொல்லும் சொற்களைச் சொன்னாள். மரிவிக்கின் குரலில். மிகுந்த அன்போடு.

“வாம்மா. போகலாம். இங்கயே தங்கிடாதே.”

மரிவிக் கைப்பிடியை இறுகப் பற்றினாள். விரல்களுக்குள் மரம் தட்டுப்படவில்லை.

“வா” என்றது அந்தக் குரல்.

அவளுடைய கால்கள் ஒரு படி இறங்கின.