உப்புக்கு வந்த மான்

தமிழ்வேந்தனின் சட்டை ஈரமாக இருந்தது.

தேவகி அதைத் துவைக்கவில்லை. சாவதற்கு முந்தின நாள் அவள் புருஷன் கழற்றிப் போட்ட சட்டை அது. அக்குளிலும் முதுகிலும் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. மீன்கவிச்சியும் பீடிப் புகையும் அவனுடைய உடம்பு வாடையும் அதில் அப்படியே நின்றிருந்ததால், தண்ணீர் காட்டாமல் தாழ்வாரக் கொடியில் மாட்டி வைத்திருந்தாள். மழை இல்லை, பனியும் இல்லாத சித்திரை மாதம். பக்கத்தில் தொங்கிய பாவாடை மொடமொடவென்று காய்ந்து கிடக்க, சட்டை மட்டும் நடு முதுகில் நைந்து, கொழகொழவென்று கையில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். மென்ற பச்சைப் புல்லின் வாடை. உப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. அவன் வாடையும் இல்லை.

கீழே மணலில், இரண்டாய்ப் பிளந்த குளம்பின் தடம் பதிந்திருந்தது.

கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஏரிக்கரையில் ஒதுங்கியிருக்கும் அந்தக் குடிசைகளுக்கு மான் புதிதல்ல. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், எதிரே இருக்கும் காட்டுத்தீவிலிருந்து புள்ளிமான்கள் நடந்தே வரும். காயப்போட்ட வலையை நக்கும். கருவாட்டுத் தொட்டியின் உப்புநீரை உறிஞ்சும். நாய் குரைத்தால் வந்த வழியே போகும். பிள்ளைகளுக்கு வேடிக்கை; பெரியவர்களுக்கு அதுவும் இல்லை. தேவகிக்கும் அப்படித்தான் இருந்தது, மூன்று மாதத்துக்கு முன்பு வரை.

தமிழ்வேந்தன் ஐஸ் பெட்டியில் இறாலை ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்கு வண்டி ஓட்டியவன். ஒரு விடியற்காலை திருப்பாலைவனம் ரோட்டில் கொம்புள்ள ஆண்மான் ஒன்று வண்டியின் குறுக்கே பாய்ந்தது. பறவை பார்க்கக் காரில் வந்தவர்கள் இறங்கினார்கள். ரோட்டில் கிடந்த மானைச் சுற்றி நின்று, பாட்டில் தண்ணீரை அதன் வாயில் ஊற்றி, துண்டை நனைத்து நெற்றியைத் துடைத்திருக்கிறார்கள். மான் தெம்பு வந்து எழுந்து ஓடியதும் கை தட்டியிருக்கிறார்கள். ரோட்டின் மறுபக்கம் வாய்க்காலுக்குள் வண்டிக்கு அடியில் ஒரு மனிதன் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தது அவர்கள் போய் வெகுநேரம் கழித்துத்தான் மாடு ஓட்டி வந்தவர் காதில் விழுந்தது. அவர் இறங்கிப் போவதற்குள் கேட்பது நின்றுவிட்டது.

அன்றிலிருந்து எந்த மானைப் பார்த்தாலும் தேவகிக்கு அதே மான்தான். இப்போது சட்டையையும் நக்கிவிட்டுப் போயிருக்கிறது.

பக்கத்துக் குடிசை எலிசபெத்திடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்கு வருந்தி, தேவகியின் தோளைத் தொட்டாள்.

"வாயில்லா ஜீவன்டி அது. உப்பு எங்க கெடைக்குதோ நக்கும். அதுக்கு இன்னா தெரியும், இது உன் வூட்டுக்காரன் சட்டைனு?"

"தெரியணும் யக்கா," என்றாள் தேவகி. "தெரிஞ்சிகினு சாவணும்."

கூலிக்கு வேதாசலத்தின் வயலில் களை பறிக்கப் போயிருந்த அன்று, மோட்டார் கொட்டகையில் மீந்து கிடந்த பூச்சிக்கொல்லிக் குருணை மருந்தை முந்தானையில் முடிந்து வந்தாள். சாயங்காலம் மகள் அனிதாவை எலிசபெத் வீட்டுக்கு அனுப்பினாள். ஆறு வயசுப் பிள்ளை. டிவியில் பொம்மைப் படம் என்றதும் ஓடிவிட்டது. தேவகி கருவாட்டுத் தொட்டியைக் காலி செய்தாள், புது உப்பைக் கரைத்தாள், முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள், துடுப்புக் கட்டையால் கலக்கினாள். ஓலைக்கதவுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள்.

கொம்போடு வரும் என்று காத்திருந்தாள். வெயில் தாழ்ந்து ஏரி செம்பு நிறமான நேரத்தில் தண்ணீர் சளக் சளக்கென்றது. வந்தது கொம்பில்லாத பெண்மான். ஒவ்வொரு அடிக்கும் நின்று, காதைத் திருப்பி, ஈர மூக்கை நீட்டி நீட்டி வந்தது. வீட்டுக்குப் பின்னால் கருவேலம் புதரில் குட்டி ஒன்றை நிறுத்திவிட்டு வந்திருக்க வேண்டும். அங்கேயே இரண்டு தரம் திரும்பிப் பார்த்தது. தேவகியும் பார்த்தாள். 'ச்சூ' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது போல இருந்தது. ஒட்டிக்கொள்ளவில்லை. அவள் போடவில்லை, அவ்வளவுதான்.

மான் நிறையக் குடித்தது.

நாலு எட்டு போனதும் முன்னங்கால் மடிந்தது. வாயில் நுரை. குளம்புகள் மணலைத் தோண்டிக்கொண்டே இருந்தன. கடைசிவரை தலையைப் புதர்ப்பக்கமே வைத்திருந்தது. தேவகிக்குள் மூன்று மாதமாய்க் கொதித்தது ஒரு நிமிஷம் அடங்கியது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் பிறகு வெட்கப்படவும் இல்லை.

மான் செத்தால் கேஸ். வெளிச்சம் முழுசாய்ப் போவதற்குள் பின்னங்காலைப் பிடித்துத் தண்ணீருக்கு இழுத்தாள். இழுக்கும்போது மடி அழுந்தி, அவள் கையில் வெதுவெதுப்பாய்ப் பால் பீய்ச்சியது. முழங்கை வரை வழிந்தது. ஏரியில் கழுவினாள். ஏரித் தண்ணீர்தான் சில்லென்றிருந்தது. பால் பட்ட இடம் சூடாகவே இருந்தது.

கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு ஏரியின் அடிச்சேறு அடுக்களை மாதிரி. எங்கே என்ன இருக்கிறதென்று கைக்குத் தெரியும். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் உளை உண்டு. கழி ஊன்றினால் கழியை விழுங்கும். அங்கே கொண்டுபோய் மானை அமுக்கினாள். சேறு குபுக்கென்று ஒரு மூச்சு விட்டு மூடிக்கொண்டது.

புதரில் குட்டி கத்தியது. கூர்மையாக, குருவி மாதிரி. மறுநாளும் கத்தியது. அப்புறம் கத்தவில்லை.

அதற்குப் பிறகு மான்களே வரவில்லை. நாய்கள் சாயங்காலமானால் குரைக்காமல், வாலை இடுக்கிக்கொண்டு எலிசபெத் வீட்டு அடுப்படியில் போய்ப் படுத்தன. தேவகி தொட்டியை உடைத்துச் சில்லுகளைப் புதைத்தாள். ஆனால் விடிந்து எழுந்தால் ஓலைக்கதவு அவள் இடுப்பு உயரத்துக்கு ஈரமாக இருந்தது. அடுத்த நாள் உள்பக்கம் ஈரம். அதற்கடுத்த நாள் பாயின் ஓரம். மணலில் மட்டும் தடமில்லை.

ஒரு காலை அனிதாவின் கன்னம் ஈரமாக இருந்தது.

"நைனா நெனப்பு வந்து அழுதேன்மா," என்றது பிள்ளை. "அழுவாதனு நக்கிவுட்டுச்சு."

"எது?"

"அம்மா."

"நான் எப்படி நக்குனேன்? தூங்கிகினு இருந்தேன்."

"நீ இல்ல," என்று சொல்லிவிட்டு அனிதா தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனாள்.

அன்று தேவகிக்கு ஏரியில் கை ஓடவில்லை. தடவுகிறவர்கள் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் தண்ணீரில் உட்காருவார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் போகும். இறால் அகப்பட்டதும் தலையை நசுக்கிப் பறியில் போடுவார்கள். வாயைத் திறந்தால் அன்றைய பாடு போச்சு. அதனால் பாம்பை மிதித்தாலும் வாய் திறக்காத பழக்கம். தேவகி உளைக்கு எதிர்த்திசையில், கரையோரமாய்த்தான் தடவினாள். விரலுக்கடியில் வழுவழுப்பான சேறு, சிப்பி ஓடு, வேர்த்துண்டு. பிறகு சேற்றுக்குள்ளிருந்து சொரசொரப்பாய், வெதுவெதுப்பாய் ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையை மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை ஒருதரம் தடவியது. நிதானமாக. ருசி பார்ப்பதைப் போல.

பறியைக் கடித்தபடியே கரையேறினாள்.

வீட்டில் அனிதா சோறு வேண்டாம் என்றாள். வஞ்சிரத் துண்டு வைத்தும் வேண்டாம். மறுநாளும் வேண்டாம். வயிறு ரொம்பிப்போச்சு என்றாள். எலிசபெத் கொடுத்திருப்பாளோ என்று கேட்டால், எலிசபெத் தன் வீட்டிலும் பிள்ளை ஒரு வாய் தின்னவில்லை என்றாள். ஆனால் பிள்ளை இளைக்கவில்லை. வயிறு தம்பட்டம் போல இறுகியிருந்தது. உதட்டோரம் வெள்ளையாய் ஏதோ காய்ந்திருந்தது. தேவகி சுரண்டி முகர்ந்தாள்.

பால்.

ஏரியில் கழுவியும் ஆறாத அந்தச் சூடு, முழங்கையில் மறுபடி ஏறியது.

"இங்க யாரு யக்கா மாடு வச்சிகினு இருக்காங்க?" என்று எலிசபெத்திடம் கேட்டாள்.

"இந்த உப்புத் தரையில மாடா? ஆடு நின்னாலே அதிசயம். ஏன்டி, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது?"

தேவகி எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தாள். மருந்து, தொட்டி, உளை. எலிசபெத்தின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த அனிதா, கண்ணை இமைக்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய கண். அது இவ்வளவு பெரிதாய் எப்போது ஆனது? சொல்லாமல் எழுந்துகொண்டாள்.

பசியாவரத்தில் அண்ணன் சிங்காரம் இருந்தான். போன் போட்டாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, உன் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கிறோம், ஆஸ்பத்திரிக்கும் காட்டணும் என்றாள். பொழுது சாய்வதற்குள் படகு எடுத்துவருகிறேன் என்றான். துணிமூட்டை கட்டினாள். கட்டி முடித்ததும் அண்ணி நினைவு வந்தது. வெறுங்கையை வீசிக்கொண்டு போனால் சொல்லிக்காட்டுகிறவள். ஒரு கூறு இறாலாவது வேண்டும். அண்ணன் வர இன்னும் நேரமிருந்தது. அனிதாவை எலிசபெத் வீட்டுக்குள் விட்டு, வெளியே தாழ்ப்பாளும் போடச் சொல்லிவிட்டு, கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே தண்ணீரில் இறங்கினாள்.

இறால் வந்தது. இதுவரை பார்க்காத அளவு. கை வைத்த இடமெல்லாம் கொழுத்த இறால், தானாக வந்து விரலுக்குள் துடித்தது. இன்னும் இரண்டு பிடி, இன்னும் இரண்டு பிடி என்று தவழ்ந்தாள். இறால்கள் முன்னால் முன்னால் நகர்ந்தன. பறி கனத்துத் தாடை வலித்தபோதுதான் நிமிர்ந்தாள்.

ஏரி செம்பு நிறமாகியிருந்தது. காற்று நின்றுவிட்டது. நாரைகூட இல்லை. இடுப்புக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை, தொடைவரை சேறு. தெரிந்த சேறு. உளை.

கரையிலிருந்து எலிசபெத்தின் குரல், பதறாமல், சாதாரணமாக வந்தது.

"தேவகி, பாப்பா அங்க வந்துச்சா? தாப்பா போட்டபடியே கெடக்குது, உள்ள ஆளக் காணோம்."

வலதுபக்கம் சளக் சளக்.

மான்கள். ஒன்று, நாலு, ஒரு மந்தை. எதிர்க்கரையிலிருந்து கணுக்கால் தண்ணீரில் வரிசையாய் வந்து, வட்டமாய் நின்றன. கொம்புள்ளவையும் இல்லாதவையும். ஒன்றும் நக்கவில்லை. ஒன்றும் காதாட்டவில்லை. எல்லாம் அவளைப் பார்த்தன.

நடுவில் அனிதா போய்க்கொண்டிருந்தாள். தண்ணீரில் நாலு காலால்.

தேவகி காலைப் பிடுங்கினாள். வரவில்லை. கையை ஊன்றினாள். கை போயிற்று. முழங்கை வரை. சேற்றுக்குள் எதுவோ விரல்களைக் கவ்விக்கொண்டது. கடிக்கவில்லை. பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தாள். பறி விழுந்தது. கத்தினாள். சத்தம் வரவில்லை. காற்று மட்டும்.

அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவே சேறு குபுக்கென்றது.

முதலில் காது எழுந்தது. பிறகு கழுத்து. பிறகு முழு உடம்பும், தோலில் புள்ளிகள் இருந்த இடமெல்லாம் இறால் அரித்த ஓட்டையாய், சேறு ஒழுக ஒழுக எழுந்து நின்றது. கண்குழியில் நண்டு ஒன்று கால் மடக்கியது. விலா எலும்பு வெளியே தெரிந்தது. மடி மட்டும் அழுகவில்லை. வெளுத்து, விம்மி, நரம்பு புடைத்து நின்றது. அதன் வாயில் இன்னும் அதே நுரை.

அனிதா ஊர்ந்துபோய் அதன் வயிற்றுக்கடியில் புகுந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பெண்மான் கழுத்தைத் திருப்பிப் பிள்ளையின் முதுகை மெல்ல நக்கிக்கொடுத்தது. நக்கியபடியே, கண்ணில்லாத முகத்தைத் தேவகியின் பக்கம் வைத்துக்கொண்டது.

அனிதாவின் தொண்டை ஏறி இறங்கியது. கடைவாயில் வெள்ளையாய் வழிந்தது. நுரைத்தது. கால்விரல்கள் தண்ணீருக்குள் இழுத்து இழுத்து உதறின. உதட்டை மட்டும் எடுக்கவில்லை.

காம்பை விடாமலே தலையைப் பின்னுக்கு வாங்கி, குட்டிகள் முட்டுவதுபோல், மடியை ஒருமுறை முட்டினாள்.

இன்னும் சுரந்தது.