முடிச்சில்லாத கட்டு

ரெமேய் உள்ளே வந்ததும் முதலில் ஜன்னல் பலகைகளைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் வணக்கம் சொன்னாள்.

கிர்ஸே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தக்காளி தேய்த்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். ஆலங்கட்டி மழையில் அழிந்த திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து, காப்பீட்டுக் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடுவது அவர் செய்துவந்த வேலை. எது வானத்திலிருந்து விழுந்த அடி, எது தோட்டக்காரனே தடியால் அடித்த அடி என்று இலையைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஓய்வுபெற்ற பிறகும் ஊரில் யாருக்கு எது புரியாவிட்டாலும் அவர் வீட்டுக்குத்தான் வந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஒலெகெர் டாக்சி ஓட்டுபவன். துப்பறியும் வேலை என்றால் சவாரியையும் விட்டுவிட்டு வந்துவிடுவான்.

"பெட்டிங்க போயிருச்சு, ஐயா" என்றாள் ரெமேய்.

அந்த வாரம் வால்மொரெனா ஊரில் பெட்டி என்றால் என்ன பெட்டி என்று யாரும் கேட்கமாட்டார்கள். கத்தலோனியா ஸ்பெயினிலிருந்து பிரிந்து தனிநாடாக வேண்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. நீதிமன்றம் அதைத் தடை செய்திருந்தும், ஊரில் அதை நடத்தும் பொறுப்பை ரெமேய் ஏற்றிருந்தாள். தலைநகர் மத்ரித்திலிருந்து வந்து இறங்கிய போலீஸ் வாக்குப்பெட்டிகளைத் தேடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பெட்டியோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எதுவும் நல்லதாக இல்லை. மக்கள் தொலைபேசியில் பேசும்போது குரலைத் தாழ்த்தினார்கள்.

"எங்க வச்சிருந்தீங்க?"

"மனுஷக் கோபுரம் கட்டுற குழுவோட கூடத்துல, சாமான் அறையில. சட்டை மூட்டைக்கு அடியில. மத்தியானம் ஜெர்வாசி பார்த்துட்டு வரேன்னு போனார். ரொம்ப நேரமா ஆளக் காணோம். போய்ப் பார்த்தா, கட்டிப்போட்டுக் கெடந்தார். முகமூடி போட்ட ரெண்டு பேராம். மத்ரித்துக்காரங்க மாதிரி காஸ்தீலியன் பாஷையில பேசினாங்களாம். பெட்டியெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

ஜெர்வாசி அவள் கணவர். பெட்டிகள் அங்கே இருப்பது வேறு யாருக்குத் தெரியும் என்று கிர்ஸே கேட்டார்.

"ரொட்டிக்கடை எவாரிஸ்தோ அண்ணனுக்கு மட்டுந்தான். அவர் ரொட்டி வண்டியிலதான் வந்துச்சு." அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். "அதுதான் இப்பப் பிரச்சினை. ஜெர்வாசி பார்ல நடந்ததச் சொன்னதும் ஊரு முழுக்க ஒரே பேச்சு. அண்ணன் தெக்க இருக்கிற ஹயென் ஊர்க்காரர், அவர் தம்பி அங்க போலீஸ்ல இருக்கார். கடைக் கதவுல அதுக்குள்ள 'காட்டிக்கொடுத்தவன்'னு எழுதிட்டாங்க. முப்பது வருஷமா இந்த ஊருக்கு ரொட்டி சுட்டவர், ஐயா. இன்னைக்குச் சாயங்காலம் கூட்டம் போட்டுக் கேக்கப்போறாங்களாம். என்ன செய்வாங்களோன்னு பயமா இருக்கு."

"கேக்கவே வேணாம், அண்ணே" என்றான் ஒலெகெர் கிர்ஸேயிடம். "மூணு பேருக்குத் தெரியும். ஒருத்தி பதறிக்கிட்டு வந்திருக்கா, ஒருத்தர் கட்டுல கெடந்தார். மிச்சம் ஒரு ஆளு."

"உன் மீட்டர் மாதிரியே ஓடுறே" என்றார் கிர்ஸே. "வண்டி நிக்கும்போதும் ஏறுது."

வெளியே தெரு காலியாக இருந்தது. பாதி இறக்கிய திரைகளுக்குப் பின்னால் ஆள் இருப்பது மட்டும் தெரிந்தது. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் ஒருமுறை வட்டமடித்துப் போனது. ரெமேய் அண்ணாந்து பார்க்கவில்லை.

மனிதக் கோபுரக் குழுவின் கூடத்தில் வேர்வையும் பழைய துணியும் கலந்த வாசனை. சுவர் நிறைய புகைப்படங்கள். தோள்மேல் தோளாக ஏறி நிற்கும் ஆட்கள், உச்சியில் கை தூக்கிய சிறுமி. ஒரு படத்தில், திருவிழாவுக்கு முன்னால் ஒருவர் நீளமான கறுப்புத் துணியின் நுனியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்க, இன்னொருவர் தன்னைத்தானே சுழற்றிச் சுழற்றி அந்தத் துணிக்குள் இடுப்பைப் புகுத்திக்கொண்டிருந்தார். மேலே ஏறுபவனுக்கு அதுதான் படி, கீழே நிற்பவனுக்கு அதுதான் முதுகெலும்பு.

சாமான் அறையில் அதே மாதிரியான கறுப்புத் துணி ஒன்று தரையில் கிடந்தது.

"இதாலதான் கட்டியிருந்தாங்க" என்றாள் ரெமேய். "முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும், கையோட சேர்த்து உடம்பச் சுத்தி. நான் முடிச்சத் தேடினேன், ஒண்ணும் இல்ல. வலது கைக்கிட்ட நுனியச் செருகியிருந்துச்சு. உருவினேன், அவர் சுத்திச் சுத்தி வெளிய வந்தார்."

"துணி எப்படி இருந்தது? முறுக்கிக்கிட்டா?"

"இல்லியே. நீளவாக்குல ரெண்டா மடிச்சு, தட்டையா, நல்லா இறுக்கமா." சொல்லிவிட்டு ஏனோ அவள் நிறுத்தினாள்.

கிர்ஸே துணியைக் கையில் எடுத்து இரண்டு நுனிகளையும் பார்த்தார். ஒரு நுனி வழவழப்பாக இருந்தது. மறு நுனி கசங்கி, இறுக்கிக் கட்டி அவிழ்த்ததுபோலச் சுருங்கியிருந்தது. பிறகு கதவுக்குப் போய், அதன் இரும்புக் கைப்பிடியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவர் கையைத் தொங்கவிட்டால் விரல்கள் தொடும் உயரத்தில் அந்தக் கைப்பிடி இருந்தது. துருவேறிய முனையில் கறுப்பு நூல் ஒன்று மாட்டியிருந்தது.

"எவாரிஸ்தோவையும் ஜெர்வாசியையும் இங்க கூட்டிக்கிட்டு வா" என்று ஒலெகெரிடம் சொன்னார். "பின்பக்க வழியா. பார் பக்கம் போயிடாதே."

ரொட்டிக்கடை எவாரிஸ்தோ மாவு படிந்த கைகளோடு வந்து சுவரோரமாக நின்றார். குட்டையான மனிதர். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜெர்வாசி அகன்ற தோள்கொண்டவர். கோபுரத்தில் எப்போதும் அடித்தளத்தில் நிற்பவர். அவரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஒலெகெர், என்னைக் கட்டு" என்றார் கிர்ஸே.

"எதுக்கு, அண்ணே?"

"நீ முகமூடிக்காரன். அவசரத்துல இருக்கே. கட்டு."

ஒலெகெர் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி ஓடினான். இரண்டாவது சுற்றிலேயே துணி கயிறாக முறுக்கிக்கொண்டது. ஒரு பக்கம் இறுகியது, மறுபக்கம் தொங்கியது. கடைசியில் முதுகுக்குப் பின்னால் இரண்டு முடிச்சுகள் போட்டுவிட்டு மூச்சு வாங்கினான்.

"நீ இந்தக் குழுவுல இருந்திருக்கியா?"

"எங்க வம்சத்துலயே யாரும் இல்ல. எங்களுக்கு நாற்காலிமேல ஏறினாலே தலை சுத்தும்."

"அதனாலதான் எல்லாரும் கட்டுற மாதிரி கட்டினே. ஆளை நிறுத்திவச்சு, நீ சுத்தினே, முடிச்சுப் போட்டே." கிர்ஸே கட்டை உதறி வெளியே வந்தார். "ஜெர்வாசியோட கட்டு அப்படி இல்ல. ரெண்டா மடிச்ச துணி, தட்டையா, இறுக்கமா, முடிச்சே இல்லாம. துணி நேரா நின்னு ஆளு சுழன்றாத்தான் அப்படி வரும். மத்ரித்துலேர்ந்து வந்த முகமூடிக்காரன் துப்பாக்கிய வச்சுக்கிட்டு, 'கொஞ்சம் சுத்துங்க சார்'னு சொல்லி நுனியப் பிடிச்சுக்கிட்டு நின்னானா?"



"அவங்களுக்கும் யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்ல?" என்றான் ஒலெகெர்.

"அப்படின்னா நுனிய ஒருத்தன் கையில பிடிச்சிருப்பான். இந்த நுனிய எதுலயோ கட்டியிருக்காங்க. சுருக்கம் இன்னும் போகல. ஆனா அவர் உடம்புமேல முடிச்சு இல்லன்னு ரெமேய் சொல்றாங்க. அப்ப முடிச்சு எங்க இருந்தது? கைப்பிடியில பாரு, நூல் இருக்கு. பிடிச்சுக்க ஆள் இல்லாதப்ப இந்தக் குழுவுல எல்லாரும் என்ன செய்வாங்க, ரெமேய்?"

ரெமேய் கைப்பிடியைப் பார்த்தாள். "கதவுல கட்டிட்டுச் சுத்துவோம்" என்றாள். "வீட்லயும் அப்படித்தான்."

"சுத்தி முடிக்கிறப்ப ஆளு கதவுக்கிட்டயே வந்துடுவார். மணிக்கட்டுவரைக்கும் கட்டுக்குள்ள இருந்தாலும் விரல் வெளியில. கைப்பிடியும் அதே உயரம். முடிச்ச அவுத்து, நுனிய வலது கைக்கிட்ட செருகிட்டா முடிஞ்சது." கிர்ஸே ஜெர்வாசியின் பக்கம் திரும்பினார். "தன்னைக் கட்டிக்கணும்னதும் உங்க உடம்புக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான். இன்னொண்ணும் இருக்கு. போலீஸ் பெட்டிய எடுத்தா ராத்திரிச் செய்தியில அடுக்கிக் காட்டும். பெட்டியோட இருந்த ஆளை விட்டுட்டுப் போகாது."

ஹெலிகாப்டர் சத்தம் மறுபடி நெருங்கி வந்தது. அது போகும்வரை எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

"தோட்டத்துக் குடிசையில இருக்கு" என்றார் ஜெர்வாசி. "திராட்சைக் கூடைங்களுக்கு அடியில. எரிச்சிடலாம்னுதான் கொண்டு போனேன். மனசு வரல."

"ஏன்?" என்றாள் ரெமேய். அந்தக் குரலை ஒலெகெர் அதற்கு முன் கேட்டதில்லை.

"பொறுப்பெல்லாம் உன் பேர்ல இருக்கு. உன்னைத்தான் கூட்டிக்கிட்டுப் போவாங்க." அவர் ரெமேயின் பக்கம் திரும்பினார். "சர்வாதிகாரி காலத்துல கத்தலான் கொடி ஒண்ண ஏத்தினதுக்காக எங்கப்பாவக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. திரும்பி வந்தப்புறம் சாகுறவரைக்கும் முதுகைச் சுவர்ல ஒட்டிவச்சுத்தான் சாப்பிட்டார். ஒவ்வொரு வேளையும் நான் எதிர்ல உட்கார்ந்து பார்த்திருக்கேன். உன்னை அப்படிப் பார்க்க முடியாது, ரெமேய். பெட்டியே இல்லேன்னா உனக்கு ஆபத்தே இல்லன்னு நினைச்சேன்."

"அண்ணனுக்கு?"

ஜெர்வாசி குனிந்து, தரையில் கிடந்த கறுப்புத் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

"பார்ல அவரைப் பத்திப் பேசினப்ப நீ அங்கதானே உட்கார்ந்திருந்தே. கதவுல எழுதினதப் பார்த்தே. வாயத் திறந்தியா?"

"திறந்தா எல்லாம் வெளிய வந்துடுமேன்னு பயந்தேன்."

எவாரிஸ்தோ முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "எங்க அம்மா ஊர்ல எனக்குப் பேரு 'கத்தலான்'. இங்க எனக்குப் பேரு 'ஹயென்காரன்'. பழகிடுச்சு. ஆனா இன்னைக்கு என் பொண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து வரும்போது பின்னாடியே நாலு பேர் பேசிக்கிட்டு வந்திருக்காங்க. அவ வந்து கதவுல தாழ்ப்பாள் போட்டுட்டு உட்கார்ந்திருக்கா."

"சனிக்கிழமைக்குள்ள பெட்டி ஓட்டுப் போடுற பள்ளிக்கூடத்துக்குப் போகணும்" என்றாள் ரெமேய், தனக்குத்தானே சொல்வதுபோல. "ரெண்டு ரோட்லயும் போலீஸ்காரங்க நிக்கிறாங்க. என் காரு அவங்களுக்குத் தெரியும்."

"நான் கொண்டு போறேன்" என்றார் எவாரிஸ்தோ. "ரொட்டிக்கு அடியில. விடிகாலையில ரொட்டி வண்டிய யாரும் நிறுத்தறதில்ல."

ஒலெகெரால் சும்மா இருக்க முடியவில்லை. "நீங்க எதுக்கு? பிரியக்கூடாதுன்னு சொல்ற ஆளாச்சே நீங்க."

"ஆமாம். 'வேண்டாம்'னுதான் போடப்போறேன். அதைப் போடறதுக்கும் பெட்டி வேணும்ல?" அவர் ஜெர்வாசியிடம் திரும்பினார். "ஆனா கூட்டம் கூடறதுக்கு முன்னாடி நீங்க போய்ச் சொல்லணும். பார்ல, எல்லார் முன்னாடியும், உங்க வாயால. பெட்டி எங்க இருக்குன்னு வேணாம். நான் செய்யலன்னு சொல்லணும், அது உங்களுக்கு எப்படித் தெரியும்னும் சொல்லணும்."

"கிர்ஸே ஐயா சொன்னா எல்லாரும் கேப்பாங்க" என்றார் ஜெர்வாசி மெதுவாக.

"நான் வரமாட்டேன்" என்றார் கிர்ஸே. "என் ரொட்டி பாதியில இருக்கு."

ஜெர்வாசி புகைப்படங்களுக்குக் கீழே சிறிது நேரம் நின்றார். கோபுரம் ஏறும் நாட்களில் அவர்மேல் எத்தனையோ பேர் நிற்பார்கள், முழங்கால் அசையாது. இப்போது வாசற்படியைக் கடக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ரெமேய் அவருக்குக் கை கொடுக்கவில்லை. ஆனால் கூடவே நடந்தாள்.

சதுக்கத்தின் குறுக்கே அவர்கள் போவதை எவாரிஸ்தோ வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார் கதவு திறந்ததும் உள்ளே பேச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. பிறகு ஒவ்வொரு மேஜையாக அடங்கியது. திறந்த கதவின் வழியே ஜெர்வாசியின் முதுகு தெரிந்தது. அவர் உட்காரவில்லை. அறையின் நடுவில் போய் நின்றார். எங்கேயும் சாய்ந்துகொள்ளச் சுவரில்லாத இடம் அது.

"அந்தக் கட்டை நானே கட்டிக்கிட்டேன்" என்று அவர் சொன்னது சதுக்கம்வரை கேட்டது.

எவாரிஸ்தோ கையில் படிந்த மாவை மேலாடையில் துடைத்துக்கொண்டு, மகளிடம் தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்ல வீட்டுக்கு நடந்தார்.