வெளியேறிய நேரம்

"ஏற்கெனவே உள்ளது."

திரையில் வந்த அந்த ஒரு வரியைக் கண்டதும் அவன் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றுவிட்டன. தூரத்துக் கணினியில் இருக்கும் பட்டியலை இங்கிருந்தே திறந்து காட்டும் அந்த பிளக்-இன்னை, எட்டு மாதத்துக்கு முன் தன் கையாலேயே இந்த சர்வரிலிருந்து பிடுங்கி எறிந்தவன் அவன். இன்று திரும்ப நிறுவப் போனால், அது எங்கும் போகவே இல்லையாம்.

"ஆச்சாப்பா?" போனில் மேனேஜர். "அவங்க நாலு மணிக்குக் கிளம்பணுமாம். ஒரு பட்டியலைத் திறக்கறதுக்கு நல்ல நேரம் பார்க்கறியா?"

"ரெண்டு நிமிஷம் சார்."

பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் அணைத்தபடி அக்கா. சோடாபுட்டியின் மனைவி. கனத்த கண்ணாடிக்காக ஆபீஸே வைத்த பெயர். அவனுக்கு மட்டும் அண்ணன். தொழில் சொல்லிக் கொடுத்தவர்.

"அன்னைக்கு நிலவறைக்குள்ள எத்தனை மணிக்குப் போனார்னு தெரிஞ்சா போதும் தம்பி. எவ்வளவு நேரம் தனியா கிடந்தார்னு..." கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அன்னைக்கு உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?"

"இல்லக்கா."

பழைய கட்டடத்தில் காகிதக் கோப்புகள் அடுக்கிய நிலவறையில் யார் இருக்கிறார்கள் என்பதை அங்கே ஒரு கணினி பட்டியலாக வைத்திருக்கும். பட்டியல் காலியானால் கதவு பூட்டிக்கொள்ளும், காற்று நின்றுவிடும். "ஜன்னல் வழியா பக்கத்து வீட்டைப் பார்க்கற மாதிரிடா இது," என்பார் அண்ணன். "பார்க்கறதோட நிறுத்திக்கோ. கையை விட்டுப் பாத்திரத்தை உருட்டாதே." அந்தச் சனிக்கிழமை, திரையில் இருப்பது இங்கே எடுத்து வைத்த நகல்தான் என்று நினைத்து, அத்தனை வரிகளையும் அவன் துடைத்துப் போட்டான். துடைபட்டது அங்கே, நிலவறைக் கணினியில். திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது அண்ணன் உள்ளே இறந்து கிடந்தார். இதய நோய் என்றார்கள். அவன் வாய் திறக்கவில்லை.

இன்று அந்தப் பட்டியல் வெறுமையாகத்தான் இருக்கும். பழைய மெஷின், எல்லாம் போச்சு என்று கையை விரித்துவிடலாம். திறந்தான்.

ஒரு வரி இருந்தது.

அண்ணனின் பெயர். உள்ளே வந்த நேரம்: சனி, காலை பத்து பதினேழு. வெளியேறிய நேரம்: காலி.

ஏசியின் முனகலுக்கு அடியில், சூடேறிய ஒயர் வாசத்துக்கும் அடியில், எங்கிருந்தோ பழைய காகிதத்தின் புழுங்கிய நாற்றம் மெல்ல ஏறி வந்து அவன் தொண்டையில் உட்கார்ந்தது.

அக்கா கண்ணைச் சுருக்கி எட்டிப் பார்த்தாள். "அறை எண் இருபத்தி ரெண்டுன்னு போட்டிருக்கே. நிலவறை மூணாம் நம்பர்னு சொன்னாங்க. இந்தக் கதவுலதானே இருபத்தி ரெண்டு பார்த்தேன்?"

"தப்பா விழுந்திருக்குக்கா. பழைய மெஷின்."

அவள் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் பைக்குள் குனிந்தாள். அந்த இடைவெளி போதும். இரண்டாவது முறையாக அதே கட்டளையை அடித்தான்.

ஒரு வரி அழிக்கப்பட்டது.

க்ளக்.

முதுகுக்குப் பின்னால் கதவு. பச்சை விளக்கு சிவப்பானது. ஏசி நின்றது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. இவ்வளவு அமைதியை இந்த அறையில் அவன் கேட்டதே இல்லை.

ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தான். அசையவில்லை.

"என்ன தம்பி?"

செல்போனை எடுத்தான். சிக்னல் இல்லை. மேனேஜரிடம் பேசிய மேஜை போனும் செத்துக் கிடந்தது.

அப்போது மணி அடித்தது. மேஜை ஓரத்துப் பழைய சிவப்பு போன். நிலவறையோடு மட்டும் இணைத்தது. எட்டு மாதமாக அதன் ஒயர் சுவரில் இல்லை.

"எடுக்காதீங்கக்கா."

அவள் எடுத்துவிட்டாள். கேட்டாள். ரொம்ப நேரம். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே மெல்லத் திரும்பி, அவனைப் பார்த்தாள்.

"கதவு திறக்கலன்னு போன் பண்ணினாராம். அஞ்சு நிமிஷத்துல வரேன்னு சொன்னியாமே தம்பி."